விசுவாசத்தின் ஜாதகம்

பி. எஸ். குமாரசாமி ராஜாவைப் பற்றி எங்கள் பக்கத்து மேடைகளில் இரண்டே விஷயங்களைத்தான் கேட்டிருக்கிறேன். ராஜபாளையத்தில் இருந்த சொந்த வீட்டைக் காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். காங்கிரசுக்குக் கடைசிவரை விசுவாசமாக இருந்தார். முதலாவதை வணங்குகிறேன். இரண்டாவதோடுதான் எனக்குத் தகராறு.

விசுவாசம் சேவகனுக்குரிய அளவுகோல். ராஜ்யத்தை நடத்தியவரை அதனால் அளப்பது புகழ்ச்சியல்ல. விசாரணையிலிருந்து அவரை நழுவவிடுகிற தந்திரம். ஜாதகம் என்னவோ கச்சிதம். 1949இல் ஓமந்தூரார் இறங்க, காமராஜரின் ஆதரவோடு இவர் நாற்காலி ஏறினார். 1952 தேர்தலில் ஸ்ரீவில்லிப்புத்தூர் சட்டமன்றத் தொகுதியில் தோற்றார்; அதே தேர்தலில் அதே பெயர் கொண்ட நாடாளுமன்றத் தொகுதியில் காமராஜர் ஜெயித்தார். 1954இல் ஒரிசாவுக்குக் கவர்னர்.

நடுவில் இருந்த மூன்று வருஷம் எங்கே? 1950 பிப்ரவரி 11ஆம் தேதி சேலம் சிறையில் கம்யூனிஸ்டுக் கைதிகள் 22 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அரசின் தலைமையில் இருந்தவர் இவர். வகுப்புவாரி அரசாணையைக் காக்க இவருடைய அரசுதான் சுப்ரீம் கோர்ட்டுவரை போய் 1951இல் தோற்றது. அந்த வருஷமே அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டி வந்தது. ஒன்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். மற்றதற்கு உரிமை கொண்டாடலாம். மேடையில் இரண்டுமே கிடையாது. விசுவாசத்தைப் பாடுகிறவர்கள் அவருடைய குற்றத்தை மட்டுமல்ல, காரியத்தையும் சேர்த்தே புதைக்கிறார்கள்.

இங்கிலாந்தில் ஸ்ட்ராஃபோர்டு பிரபு முதலாம் சார்லஸின் ஆள். உயிருக்கு ஆபத்து வராது என்று வாக்குக் கொடுத்த ராஜாவே 1641இல் அவருடைய மரணத்துக்குக் கையெழுத்துப் போட்டான். விசுவாசிக்கு இதைவிட உருக்கமான முடிவு ஏது? அப்படியும் அங்கே சரித்திரக்காரர்கள் கண்ணீரோடு நிற்கவில்லை. அயர்லாந்தை அவர் ஆண்ட விதத்தை இன்னும் கிளறுகிறார்கள்.

நாம் மட்டும் யோக்கியமா? நம்மில் ஒருவர் செத்தால் 'கடைசிவரை நம் பத்திரிகையோடு இருந்தார்' என்று இரங்கல் எழுதிவிட்டு, அவர் எழுதியதைப் படிக்காமலே விடுகிறோம். குமாரசாமி ராஜாவுக்கு நடந்ததும் இதுதான். அவருக்கு மரியாதை செய்ய வேண்டுமென்றால் முதலில் அவரிடம் சேலத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். கேள்வி கேட்கத் தகுந்தவர் என்று ஒருவரை நினைப்பதுதான் மரியாதை.