ஒண்டிக்கடையில் ஒரு 'போன்ஜூர்'

மேனேஜர் கூப்பிட்டு, "பிரான்ஸிலிருந்து ஒருத்தர் மெஷின் பார்க்க வர்றார். உனக்கு பிரெஞ்சு தெரியுமில்லே?" என்றார்.

தலையாட்டினது என் தப்பு. ப்ளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்தவன் நான். ஏன் எடுத்தாய் என்று கேட்காதீர்கள். தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே எதற்காக எடுத்ததோ அதற்காகத்தான். மார்க்! வினைச்சொல் அட்டவணையை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்து 200-க்கு 191 வாங்கினேன். பின்னாளில் நிஜமாகவே ஒரு பிரெஞ்சுக்காரர் எதிரே வந்து நிற்பார் என்று யாரும் எச்சரிக்கவில்லை.

கையில் இருந்தது பத்து நாள். மரியாதை வார்த்தைகள் மட்டுமாவது தேறட்டும் என்று உட்கார்ந்தேன்.

முதல் பாடம் 'போன்ஜூர்'. பகல் முழுக்கச் செல்லும். பொழுது சாய்ந்தால் 'போன்ஸ்வார்'. 'போன் நுய்' என்பது படுக்கப் போகிறவருக்கு மட்டும். ராத்திரி எட்டு மணி விருந்தில் நுழையும்போதே அதைச் சொன்னால், 'போய்ப் படுங்கள்' என்று அர்த்தம்!

வெறும் போன்ஜூரும் போதாது. முன்பின் தெரியாதவர் என்றால் வாலில் 'முசியே' அல்லது 'மதாம்' சேர்த்தால்தான் மரியாதை. கல்யாணமாகாத பெண்ணுக்கு 'மத்முவாஸெல்' என்று தனியாக ஒன்று இருந்தது. 2012-ல் அரசுப் படிவங்களில் இருந்து அதை எடுத்துவிட்டார்கள். ஆணுக்குக் கல்யாணம் ஆனாலும் ஆகாவிட்டாலும் 'முசியே'தானே, பெண்ணிடம் மட்டும் ஏன் விசாரணை என்று கேட்டார்கள். நியாயம்தான். நம்ம பேச்சிலர் நண்பர்கள்தான் பாவம்.

அடுத்து 'து', 'வூ'. நம்ம நீ, நீங்கள்தான். இதில் நாம் டாக்டர் பட்டம் வாங்கினவர்கள் என்று அலட்சியமாக இருந்தேன். ஆனால் அங்கே 'நீ' போட்டுப் பேசுவதற்கென்றே ஒரு வினைச்சொல், 'நீங்கள்' போட்டுப் பேசுவதற்கு இன்னொன்று. பழகின பிறகுகூட, 'இனிமேல் நாம து போட்டுப் பேசலாமா?' என்று அனுமதி கேட்டுவிட்டுத்தான் 'நீ'க்கு இறங்குவார்களாம். நாம் சட்டையைப் பார்த்துவிட்டு இறங்குகிறோம்.

கடிதம் இன்னும் மோசம். 'இப்படிக்கு' என்று முடிக்கிற இடத்தில், 'ஐயா, என் மேலான உணர்வுகளின் வெளிப்பாட்டைத் தயைகூர்ந்து ஏற்றுக்கொள்வீராக' என்கிற பாணியில் ஒரு வாக்கியம் எழுதுகிறார்கள். கரண்ட் பில் தகராறுக்கும் இதேதான். நம்ம 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள' எல்லாம் இதற்கு முன்னால் கைகட்டி நிற்கணும்.

2013-ல் நீஸ் நகரத்தில் ஒரு காபிக்கடை செய்த காரியம் உலகம் முழுக்கப் பேப்பரில் வந்தது. வாசலில் விலைப் பலகை. 'ஒரு காபி' என்றால் 7 யூரோ. 'ஒரு காபி, ப்ளீஸ்' என்றால் 4.25. 'போன்ஜூர், ஒரு காபி, ப்ளீஸ்' என்றால் 1.40. கடைக்காரர் தமாஷுக்குத்தான் எழுதினாராம். ஆனாலும் அதைப் படித்தபோது, நம்ம ஊரில் இந்தப் பலகை வந்தால் நான் எவ்வளவு கடன்காரன் ஆவேன் என்று ஒரு கணக்கு மனசுக்குள் ஓடியது.

முசியே வந்தார். அறுபதை நெருங்கின மனிதர். என் போன்ஜூரைக் கேட்டுச் சிரிக்காமல் கைகொடுத்தார். வேலை முடிந்த மறுநாள் சேலத்திலிருந்து காரில் ஏற்காடு. இருபது கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு ஒரு வார்த்தை என்று எனக்கு வகுப்பெடுத்தார். ஏற்காட்டுக்கும் பிரான்ஸுக்கும் சம்பந்தம் புதுசில்லை. 1917-ல் தொடங்கின மான்ட்ஃபோர்ட் பள்ளி, பிரான்ஸில் பிறந்த ஒரு துறவற சபை நடத்துவது. அதைச் சொன்னதும் மனிதருக்கு ஏகக் குஷி.

ஒண்டிக்கடையில் வண்டியை நிறுத்தினோம். பெயரைப் பார்த்தால் ஒரு காலத்தில் ஒண்டியாக ஒரே ஒரு கடை இருந்த இடம் என்று தோன்றும். இன்றைக்கு ரவுண்டானாவைச் சுற்றித் திரும்பின பக்கமெல்லாம் கடை. வழக்கமாகப் போகிற டீக்கடைக்குள் நுழைந்து, வழக்கம்போல பெஞ்சில் உட்கார்ந்து, கையிலிருந்த போனைப் பார்த்தபடியே குரல் கொடுத்தேன்.

"மாஸ்டர், நாலு டீ. ஒண்ணு சக்கரை கம்மி. சீக்கிரம் போடு."

முசியே உட்காரவில்லை. நேரே பாய்லர் கிட்டே போனார். இரண்டு கையையும் கூப்பி, "வ-ண-க்-கம் முசியே" என்றார்.

மாஸ்டர் வடிகட்டியை வைத்துவிட்டு, துண்டில் கையைத் துடைத்து, அவரும் கும்பிட்டார். அப்போதுதான் அந்த முகத்தைச் சரியாகப் பார்த்தேன். நரைத்த மீசை. என் அப்பா வயசு இருக்கும். பத்து வருஷமாக இந்தக் கடையில் டீ குடிக்கிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் ஆற்றுகிற டம்ளர்தான்.

முசியே என் பக்கம் திரும்பி, "தமிழில் 'ப்ளீஸ்' எப்படிச் சொல்வது?" என்றார்.

"தயவுசெய்து" என்றேன். சொல்லும்போதே எனக்குச் சந்தேகம். அந்த வார்த்தையை நான் வாயால் சொன்னதே கிடையாது. 'தயவுசெய்து கை, தலையை வெளியே நீட்டாதீர்' என்று பஸ்ஸில் படித்ததோடு சரி. கூட வந்த இரண்டு பேரும் மோட்டுவளையைப் பார்த்தார்கள்.

மாஸ்டர்தான் கேட்டார். "என்ன கேக்கறாருங்க?"

சொன்னேன்.

"அதுக்குத் தனியா வார்த்தை எதுக்குங்க? கடேசீல ஒரு 'ங்க' போட்டாப் போதும்னு சொல்லுங்க. குடு-ன்னா அதிகாரம். குடுங்க-ன்னா ப்ளீஸ். அவ்வளவுதாங்க."

இலக்கணப் புத்தகம்கூட இத்தனை சுருக்கமாகச் சொல்லாது. முசியேவுக்கு மொழிபெயர்த்தேன். அவர் சந்தோஷமாக, "டீ... குடுங்க" என்று சொல்லிப் பார்த்தார். கடையே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. சற்று முன்னால் நான் சொன்ன 'சீக்கிரம் போடு' அந்த ஆவியோடு சேர்ந்து இன்னும் கடைக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தது. மாஸ்டர் பேசின ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு 'ங்க' இருந்தது. பத்து வருஷத்தில் நான் திருப்பிக் கொடுத்தது ஒன்றுகூட இல்லை. நீஸ் காபிக்கடை கணக்குப்படி ஒவ்வொரு டீக்கும் முழு 7 யூரோ பாக்கி.

டீ வந்தது. காசு கொடுத்துக் கிளம்பும்போது முசியே, "ஓ ரெவ்வார்" என்றார். மறுபடி பார்க்கிற வரைக்கும் என்று அர்த்தம். திரும்பி வராத பிரிவுக்கு 'அதியு' என்று வேறு வார்த்தை வைத்திருக்கிறார்கள். கேட்டதும் எனக்குப் பாட்டி ஞாபகம் வந்தது. வாசலில் 'போறேன்' என்று சொன்னால் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, தண்ணீர் குடிக்கச் சொல்லி, 'போயிட்டு வர்றேன்னு சொல்லுடா' என்பாள். ஓ ரெவ்வாரைப் பாட்டி பாஸ் பண்ணியிருந்தாள். 191 மார்க் வாங்கின நான்தான் ஃபெயில்.

வண்டி வரைக்கும் போனவன் திரும்பி வந்தேன்.

"போயிட்டு வர்றேங்க."

மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"என்னங்க சார், எதாச்சும் மறந்துட்டீங்களா?"

ஆமாங்க.