கூரையில்லாக் குளியலறை

சொந்தமாக வீடு கட்டுவோரிடையே அண்மைக்காலமாக ஓர் ஆசை தென்படுகிறது: கொல்லைப்புறத்தில், வானம் தெரிய, ஒரு ஷவர். சொகுசு விடுதிகளில் ஓரிரு நாள் தங்கித் திரும்புவோர் இவ்வாசையைக் கொண்டுவந்து கொத்தனாரிடம் ஒப்படைக்கிறார்கள். ஆசையில் பிழையில்லை. வெயிலும் காற்றும் ஈரத்தை உடனே உலர்த்திவிடும் திறந்தவெளிக் குளியல் நம் நிலத்துக்குப் பொருத்தமானதே. ஆனால், "கிணற்றடிக் குளியல் மீண்டு வருகிறது" என்று இதைக் கொண்டாடுவோரிடமிருந்து நாம் சற்று விலகி நிற்க வேண்டியிருக்கிறது.

கிணற்றடியை எண்ணி ஏங்கி எழுதுவோர் பெரும்பாலும் ஆண்களே. ராட்டின ஓசையும், துவைகல்லும், தலையில் கவிழும் வாளி நீரும் அவர்கள் நினைவில் மணக்கின்றன. அதே கிணற்றடியில் விடியுமுன் எழுந்து, கீற்றுத் தட்டி மறைவில், மார்புவரை ஏற்றிக்கட்டிய பாவாடையோடு அவசரமாகக் குளித்து முடித்த பெண்களுக்கு அது அத்தனை இனிய நினைவாக இருக்குமா? குளியலறை வீட்டுக்குள் வந்தபோது அவர்களுக்குக் கிடைத்தது குழாய்த் தண்ணீர் மட்டுமன்று. உள்ளிருந்து போட்டுக்கொள்ளும் ஒரு தாழ்ப்பாளும்தான்.

எனவே வெளிப்புற ஷவரைக் குழாயிலிருந்து தொடங்கலாகாது. சுவரிலிருந்தே தொடங்க வேண்டும். ஏழடிச் சுவர் தெருவை மறைக்கும்; அடுத்த வீட்டு மாடியை மறைக்காது. கைப்பேசிக் காமிரா எல்லோர் கையிலும் இருக்கும் காலம் இது. மாடிகள் சூழ்ந்த மனையில் மேலே பாதியளவேனும் சட்டங்கள் பரப்பிக் கொடியேற்றிவிடுவது நலம். வலுவான கதவு, உள்தாழ்ப்பாள், இரவுக்கு ஒரு விளக்கு ஆகியவை அலங்காரங்கள் அல்ல. வீட்டுப் பெண்கள் தயக்கமின்றிப் பயன்படுத்த இயலாத இடம், ஆண்களுக்கான கேளிக்கையே அன்றி வீட்டின் பகுதி ஆகாது.

அடுத்தது நீரின் விசை. விடுதியில் கொட்டும் ஷவருக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு மோட்டார் இருக்கிறது. வீட்டு மேல்நிலைத் தொட்டியிலோ பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் என்பதே கணக்கு. தொட்டியின் நீர்மட்டம் ஷவரைவிட இரண்டு மீட்டரே உயர்ந்திருந்தால் கிடைப்பது அதில் ஐந்தில் ஒரு பங்குதான். முக்கால் அங்குலக் குழாயை வளைவுகள் குறைத்துக் கொண்டுவருவதும், துளை பெரிதான ஷவரைப் பொருத்துவதும் ஓரளவு ஈடுசெய்யும். சாதாரண பிவிசி குழாய் வெயிலில் நாளடைவில் நொறுங்கும் தன்மை பெறுகிறது. சுவருக்குள் புதைப்பதோ வர்ணம் பூசுவதோ அவசியம். தனி வால்வு ஒன்று இருந்தால், பழுதுபார்க்க வீடு முழுவதும் தண்ணீரை நிறுத்த வேண்டியதில்லை.

யாவற்றினும் முக்கியமானது, குளித்த நீர் எங்கே போகிறது என்பது. பழைய கிணற்றடியிடம் நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டெனில் அது இதுவே: வழிந்த நீர் வாழைக்கும் சேம்புக்கும் போயிற்று. மெருகேற்றாத கல் பரப்பி, நான்கடிக்கு ஓர் அங்குலம் சரிவு கொடுத்து, அந்நீரை இன்றும் வாழைக்கும் கல்வாழைக்கும் திருப்பலாம். கழிவறைத் தொட்டியோடு இணைத்தால் ஐப்பசி மழை முழுவதும் அதற்குள் இறங்கும். 2003இல் தமிழகத்தில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்புக் குழியில் விட்டாலோ சோப்பு நீர் நிலத்தடிக்குப் போய்ச் சேரும்.

நிமிடத்துக்குப் பத்து லிட்டர் பாயும் ஷவரின் கீழ் பத்து நிமிடம் நின்றால் நூறு லிட்டர். ஒரு வாளியின் கொள்ளளவோ ஏறத்தாழ இருபதுதான். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடங்களோடு சென்னை காத்துநின்றதைக் கண்டவர்கள் நாம். அந்த நூறு லிட்டரும் சாக்கடைக்கே போகுமெனில், வானம் பார்த்துக் குளிப்பதில் இயற்கையோடு இயைதல் எதுவுமில்லை. தாழ்ப்பாளும் வாழையும் அமைந்த பிறகு ஷவர் வரட்டும்; அதுவரை வாளியே போதும் என்பது நம் கருத்து.