ஊரை வாசிக்கக் கற்றுக் கொடுப்போம்



உங்கள் பிள்ளை உலகத்து நதிகளையும் மலைகளையும் மனனம் செய்து பரீட்சையில் நல்ல புள்ளியும் வாங்கியிருக்கலாம். "நமது ஊருக்கு இந்தப் பெயர் ஏன் வந்தது?" என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. மனிதன் எங்கே குடியேறினான், ஏன் அங்கே குடியேறினான், தன் மார்க்கத்தையும் மொழியையும் தொழிலையும் அந்த நிலத்தில் எப்படிப் பதித்தான் என்று ஆராய்வதைப் பண்பாட்டுப் புவியியல் என்பார்கள். பெயர்தான் பெரிது. வன்னிப் பிள்ளைக்கு அந்தப் பாடம் வாசற்படியிலேயே இருக்கிறது.

வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு பஸ்ஸில் போகும்போது ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம். சற்று விலகினால் நெடுங்கேணி, பாலமோட்டை, இரணைமடு. குளம், கேணி, மோட்டை, மடு எல்லாமே தண்ணீர் தேங்கும் இடங்கள். வன்னியில் பெருமழை ஐப்பசி முதல் மார்கழி வரைதான். பெய்த மழையைக் கட்டி வைத்தால் மட்டுமே வருடம் முழுக்க வாழலாம். ஆகவே முன்னோர் அணை கட்டினார்கள். துருசு வைத்து வாய்க்காலில் நீரை இறக்கினார்கள். மிஞ்சியதை வான் வழியாக விட்டார்கள். கட்டின் கீழே வயல், பக்கத்து மேட்டில் குடியிருப்பு. வவுனியாவுக்குத் தெற்கே சிங்கள ஊர்ப் பெயர்கள் பலவற்றில் 'வெவ' என்று வரும். அதுவும் குளமே. வரட்சி ஒன்று, வழியும் ஒன்று. மொழி மாத்திரமே வேறு.

முல்லைத்தீவு மாவட்டத்தில் நமது மக்கள் வாழ்ந்த ஊர்களையும் இப்படியே வாசிக்கலாம். தண்ணீரூற்று என்ற பெயரில் ஊற்று இருக்கிறது. நீராவிப்பிட்டியில் நீர்நிலையும் மேட்டு நிலமும் இருக்கின்றன. ஹிஜ்ராபுரத்தில் ஹிஜ்ரத் என்ற அரபுச் சொல் இருக்கிறது. பள்ளிவாசலின் மிஹ்ராப், கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்காக இருப்பதைப் பிள்ளைக்குக் காட்டும். மையவாடியோ எத்தனை தலைமுறை இங்கே வாழ்ந்தது என்று சொல்லும்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன்? 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர் ஊரை விட்டார்கள். பெரும்பாலோர் புத்தளத்தில் தஞ்சம் புகுந்தார்கள். 2009இல் யுத்தம் முடிந்து திரும்பியவர்கள், வளவுகளில் காடு வளர்ந்து எல்லை தெரியாமல் நின்றதைக் கண்டார்கள். கிணறு எங்கே, புளியமரம் எங்கே, வேலி எங்கே என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் ஒவ்வொருவராக மௌத்தாகி வருகிறார்கள். இன்று பாடசாலையில் இருப்பது மூன்றாம் தலைமுறை. மூத்தவாப்பா அறிந்த ஊரை இந்தப் பிள்ளை எழுதி வைக்காவிட்டால் வேறு யார் எழுதுவார்?

அதே வகுப்பில் பக்கத்தில் இருக்கும் தமிழ்ப் பிள்ளையின் குடும்பமும் வேருடன் பிடுங்கப்பட்டதுதான். யுத்தத்தின் இறுதியில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட வன்னி மக்கள் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமை அறியாதவர் யார்? அந்தப் பிள்ளைக்கு முஸ்லிம்கள் இங்கே வாழ்ந்த கதை தெரியாமல் இருக்கலாம். நமது பிள்ளைக்கு அவர்கள் பட்ட துன்பம் தெரியாமல் இருக்கலாம். இருவரும் ஒரே தாளில் படம் வரைய வேண்டும். குளம், கோவில், பள்ளிவாசல், தேவாலயம், மயானம், மையவாடி எல்லாம் அதில் இடம்பெற வேண்டும். ஒன்றை விட்டாலும் அது பொய்ப் படமே.

படம் வரைபவர் எங்கே நிற்கிறார் என்பதும் முக்கியம். 1154இல் அல் இத்ரீஸி சிசிலி மன்னர் ரோஜருக்காக உலகப் படம் வரைந்தார். அதில் தெற்கு மேலே இருந்தது. நமக்குத் தலைகீழாகத் தெரியும். அவருக்கு அதுவே நேர். இதை வகுப்பில் காட்டினால், பிறருடைய பார்வையும் பார்வைதான் என்பதைப் பிள்ளைகள் தாமாகவே விளங்கிக் கொள்வார்கள். மனிதரைச் சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்து கொள்வதற்கே என்பதல்லவா ஹுஜுராத் அத்தியாயம் தரும் படிப்பினை?

ஆசிரியர்களே, நான்கு சிறிய வேலைகள் கொடுங்கள். முதலாவது, ஊர்ப் பெயரைப் பிரித்துப் பொருள் எழுதட்டும். இரண்டாவது, குளக்கட்டிலிருந்து வயல் வரை நடந்து படம் வரையட்டும். மூன்றாவது, மூத்தவாப்பா, மூத்தம்மாவிடம் கேட்டுப் பழைய ஊரின் படத்தை வரையட்டும். நான்காவது, அந்தப் படத்தை வேறு சமூகத்துப் பிள்ளையின் படத்தோடு ஒப்பிட்டு, இரண்டிலும் இருப்பதையும் ஒன்றில் மட்டும் இருப்பதையும் குறிக்கட்டும்.

பெற்றோர்களே, மூன்றாவது வேலைக்குப் பாடசாலையை எதிர்பார்க்க வேண்டாம். இந்த வாரமே ஒரு கொப்பியும் பென்சிலும் கொடுத்துப் பிள்ளையை வீட்டுப் பெரியவரின் அருகில் அமர்த்துங்கள். கிணற்றிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அவர் நினைவுக்கு வந்து விடும், இன்ஷா அல்லாஹ்.