ஆறாம் வகுப்பு வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

"தொடக்கப் பள்ளிக்கு எழுத்தும் எண்ணும் போதும், கணினியை ஆறாம் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். 2020 தேசியக் கல்விக் கொள்கையும் நிரலாக்கத்தை நடுநிலை வகுப்புகளில்தான் தொடங்கச் சொல்கிறது. எழுத்தும் எண்ணும் முதலில் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் இந்த வாதம் குழந்தையின் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கவே இல்லை.

2020 ஊரடங்கில் பல பிள்ளைகளுக்குப் பாடமே கைப்பேசி வழியாகத்தான் வந்தது. அப்படிப் பிள்ளையின் கைக்குப் போன கைப்பேசி திரும்பவில்லை. வாசுதேவநல்லூரில் வயல்வேலைக்குப் போன பெற்றோர் திரும்பும்வரை அது பிள்ளையின் கையில்தான். இன்ஸ்டாகிராமுக்கு 13 வயது ஆக வேண்டும் என்பது விதி. அம்மாவின் கணக்கில் நுழையும் எட்டு வயதுப் பிள்ளையை அது தடுக்காது.

"கணினியே இல்லாத பள்ளியில் எப்படி?" என்பது அடுத்த கேள்வி. இங்கிலாந்தில் 2014 முதல் ஐந்து வயதிலேயே கணினிப் பாடம் உண்டு. சொந்த விவரங்களைக் காப்பதும், பயந்தால் யாரிடம் சொல்வது என்பதும் அதில் அடக்கம். இவற்றுக்குத் திரை தேவையில்லை. நிரலாக்கத்தில் போலக் கட்டளைகளை வரிசையாக அடுக்குவதையும் விளையாட்டாகவே கற்பிக்கலாம். செயல்பாடுகள் வழியே கற்பிக்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022 முதல் நம் பள்ளிகளில் இருக்கிறதே!

ஓடிபியை யாரிடமும் சொல்லாதே, முகம் தெரியாதவர் படம் கேட்டால் உடனே பெரியவர்களிடம் சொல், உதவிக்கு 1098-ஐ அழை. இவற்றைச் சொல்லித்தர மூன்றாம் வகுப்பிலிருந்து வாரம் ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். ஆபத்து ஆறாம் வகுப்புவரை காத்திருப்பதில்லை.