மணி தவறும் மதியச் சாப்பாடு



2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி, சர்க்கரை நோயில் கோவாவுக்கு அடுத்த இடம் புதுச்சேரிக்கு. பெரியவர்களில் 26.3 சதவீதம், நாட்டின் சராசரியோ 11.4தான்.

அப்படியென்றால் எங்கள் ஊர் நேரு வீதிக் கடைகளில் நின்று வேலை பார்ப்பவர்களில் எத்தனை பேருக்கு இருக்கும்? எனக்கு உண்டு. பண்டிகை விற்பனையில் மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு மேல்தான். காலையில் போட்ட மாத்திரைக்கு அது தெரியுமா? சர்க்கரை 70க்குக் கீழே இறங்கிக் கை நடுங்கும்போது, வாடிக்கையாளர் எதிரில் மிட்டாயை வாயில் போடத் தயக்கம். வியாதியைச் சொன்னால் வேலை போய்விடுமோ என்று பலர் வாயே திறப்பதில்லை.

கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டுமெனத் தமிழ்நாடு 2021இல் சட்டம் திருத்தியது. அதுபோல இங்கே தொழிலாளர் துறையும், நேரத்துக்குச் சாப்பாட்டு இடைவேளை தரப்படுகிறதா என்று தீபாவளிக்கு முன்பாவது கடைகடையாகப் பார்க்கட்டும்.

– துணிக்கடை விற்பனையாளர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி