விளையாட்டில் வரும் வெளியூர்க்காரர்கள்

கோடை விடுமுறைக்கு வந்த பேரன் கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்கவே இல்லை. திட்டுவதற்கு முன் அது என்னதான் என்று பார்த்துவிடலாமே என நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: வைஸ் சிட்டி’ என்றான். அவன் அப்பா காலேஜ் நாட்களில் சரஸ்வதிபுரத்து இன்டர்நெட் சென்டரில் மணிக்கணக்கில் ஆடிய அதே விளையாட்டு!

2001ல் வந்த மூன்றாம் பாகத்தை அடுத்து 2002ல் வெளிவந்தது இது. சினிமாவில் அடுத்த பாகம் என்றாலே பெரும்பாலும் சறுக்கும். இது சறுக்கவில்லை. முந்தையதில் கதாநாயகன் வாயே திறக்கமாட்டான். இதில் அவனுக்கு மறைந்த ஹாலிவுட் நடிகர் ரே லியோட்டா குரல் கொடுத்திருக்கிறார். மோட்டார் சைக்கிளும் புதிதாக வந்தது. 1986ஆம் ஆண்டு மியாமியைப் போல ஒரு முழு நகரம். கொடுத்த வேலையை விட்டுவிட்டு, காரில் ரேடியோ கேட்டபடி கடற்கரைச் சாலையில் சுற்றிக்கொண்டே இருக்கலாம். இந்தச் சுதந்திரம்தான் பிள்ளைகளை இழுக்கிறது.

குறைகளும் உண்டு. கதாநாயகனுக்கு நீச்சல் தெரியாது. தண்ணீரில் விழுந்தால் ஆள் காலி. 2004ல் வந்த ‘சான் ஆண்ட்ரியாஸ்’ பாகத்தில்தான் இதைச் சரிசெய்தார்கள். கார் திருட்டும் கொலையுமே கதை என்பதால், பதினேழு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று அமெரிக்காவில் தரம் பிரித்தார்கள். இதெல்லாம் எல்லோரும் சொல்லும் குறைகள்.

என்னை உறுத்தியது வேறு. அந்த ஊரில் கியூபாக்காரர்களும் ஹைட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். இருவருமே பிழைக்க வந்தவர்கள். ஆனால் கதையில் இரண்டு ரவுடிக் கும்பல்களாகத்தான் தெரிகிறார்கள். ஹைட்டிக்காரர்களைக் கொல்லச் சொல்லும் வசனமும் இருந்தது. 2003ல் அமெரிக்காவில் வாழும் ஹைட்டி மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்த வசனத்தை நீக்க ராக்ஸ்டார் நிறுவனம் ஒப்புக்கொண்டது.

ஒரு சமூகத்தின் பெயரையே வசவாக்கினால் எப்படி வலிக்கும் என்பது, 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையின்போது கர்நாடகத்தில் இருந்த நமக்குத் தெரியும். அதே சமயம் நாமும் யோக்கியர்கள் இல்லை. வட்டிக்கடை சேட்டு, டீக்கடை நாயர் என்று நம் தமிழ்ப் படங்கள் காட்டியபோது நாமும் கைதட்டிச் சிரித்தவர்கள்தானே?

இன்று ராக்ஸ்டாருக்குப் பெங்களூரிலேயே அலுவலகம் இருக்கிறது. நாளை நம் பிள்ளைகளே இத்தகைய விளையாட்டுகளை உருவாக்கப் போகலாம். ஆகவே கம்ப்யூட்டரைப் பிடுங்கி வைப்பதைவிட, வயதுக்கேற்ற விளையாட்டா என்று பார்த்துக் கொடுத்து, பத்து நிமிடம் பக்கத்தில் உட்காருவது நல்லது. “இவர்கள் எந்த ஊர்க்காரர்கள்? ஏன் இந்த ஊருக்கு வந்தார்கள்?” என்று கேளுங்கள். நான் கேட்டேன். பேரன் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, “நாம ஏன் தாத்தா மைசூருக்கு வந்தோம்?” என்றான். அன்று இரவு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.