விஸ்பியின் மதிலுக்கு வெளியே

சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், என்னிடம் முதுகலை பயின்ற மாணவி ஒருவர் ஸ்வீடனிலிருந்து சில புகைப்படங்களை அனுப்பியிருந்தார். பால்டிக் கடலிலுள்ள கோட்லாந்து தீவின் விஸ்பி நகரில் ஆண்டுதோறும் நடைபெறும் ‘இடைக்கால வாரம்’ என்ற திருவிழாவில் எடுத்தவை. ஒரு படத்தில் அவருடைய ஏழு வயது மகன் தகரத் தலைக்கவசமும் மரவாளுமாகப் பழைய கல்மதிலின் முன்னே நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறான். கீழே, “ஐயா, இவன் இப்போது டென்மார்க் மன்னனின் படைவீரன்” என்று எழுதியிருந்தார்.

அதை ஆசிரியர் அறையில் காட்டினேன். வரலாற்றுத்துறை நண்பர் சிரித்தார். “வெள்ளைக்காரர்களின் மாறுவேடப் போட்டி. இதற்கும் வரலாற்றுக்கும் என்ன தொடர்பு?” என்றார். அந்தச் சிரிப்பிலும் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் படக்குறிப்பிலும் உடன்பாடில்லை. இரண்டையும் மறுக்கவே இதை எழுதுகிறேன்.

முதலில் நண்பருக்கு. 1984இல் தொடங்கிய இவ்விழாவில் ஒரு வார காலம் ஊரே பழைய உடை உடுத்துகிறது. கடைத்தெரு கூடுகிறது, குதிரைவீரர் ஈட்டிப் போட்டி நடக்கிறது, கைவினைஞர் தம் தொழிலைக் கண்ணெதிரே செய்து காட்டுகின்றனர், குழந்தைகளும் அதில் கைவைக்கலாம். இதை அவர்கள் ‘வாழும் வரலாறு’ என்கிறார்கள். இருபது ஆண்டுகளாக வகுப்பில் ‘கவசம்’ என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதன் எடை என் தோள்களுக்குத் தெரியாது. அந்தச் சிறுவன் உலைக்களத்தில் பத்து நிமிடம் சம்மட்டி பிடித்தால், இரும்பு பற்றி என் உரையிலிருந்து என் மாணவர் பெறுவதைவிட அதிகம் பெறுவான். ஏட்டறிவு மட்டுமே அறிவு என்று எண்ணுகிற நம் கல்லூரிகளுக்கு இதைப் பார்த்துச் சிரிக்கும் தகுதி இல்லை.

ஆனால் அந்த மதிலின் கதை வேறு.

விஸ்பி, ஹான்சா வணிகக் கூட்டமைப்பில் செழித்த நகரம். அந்த மதில் ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு இன்றும் நிற்கிறது. 1995இல் நகரம் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. மதில் என்றால் அயல்நாட்டுப் பகைவரைத் தடுப்பது என்றுதான் நாம் நினைப்போம். விஸ்பியின் மதில் அதே தீவின் உழவர்களையும் தடுத்து நின்றது. 1288இல் நகர வணிகருக்கும் நாட்டுப்புற உழவருக்கும் இடையே உள்நாட்டுப் போரே மூண்டது.

1361 ஜூலையில் டென்மார்க் மன்னன் நான்காம் வால்டெமார் தீவில் படையிறக்கினான். எதிர்த்து நின்றவர்கள் உழவர்கள். ஜூலை 27ஆம் நாள், மதிலுக்கு வெளியே, நகரத்தாரின் கண்ணெதிரிலேயே அவர்கள் வெட்டி வீழ்த்தப்பட்டனர். மாண்டவர் சுமார் 1,800 பேர் என்பது பொதுவான கணக்கு. நகரம் போரில் இறங்கவில்லை. பின்னர் மன்னனுக்குப் பணிந்தது. இரண்டு நாள் கழித்து, ஜூலை 29இல், தன் வணிக உரிமைகளுக்கு அவனிடம் உறுதிமொழியும் பெற்றுக்கொண்டது.

வெயிற்காலமாதலால் பிணங்களை அவசர அவசரமாகப் பெருங்குழிகளில் இட்டனர். பலரைக் கவசத்தோடே புதைத்தனர். 1905 முதல் 1930 வரை பல கட்டங்களாக நடந்த அகழாய்வில் ஏறத்தாழ 1,185 பேரின் எலும்புகள் வெளிப்பட்டன. அவற்றில் சிறுவர்களின் எலும்புகள் இருந்தன. முதியவர்களின் எலும்புகள் இருந்தன. உடற்குறை உள்ளவர்களின் எலும்புகளும் இருந்தன. கால் எலும்புகளில் எத்தனையோ வெட்டுக் காயங்கள். அந்த இடத்தில் ஒரு கற்சிலுவை இன்றும் நிற்கிறது. விஸ்பியின் வாயில்களுக்கு முன்னே வீழ்ந்தவர்கள் இங்கே கிடக்கிறார்கள், அவர்களுக்காக வேண்டுங்கள் என்ற பொருளில் அதில் எழுதியிருக்கிறது. நடுகற்களைப் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: ‘வாயில்களுக்கு முன்னே’ என்பது வெறும் இடக்குறிப்பு அன்று, குற்றச்சாட்டு.

இடைக்காலத் திருவிழாக்களில் கவசம் அணிந்து உலவும் ஆர்வலர்கள் ஒரு தையல்கூடப் பிழையாகிவிடக் கூடாது என்பதில் கடுமையானவர்கள். துணிக்கோ தோலுக்கோ உட்புறம் இரும்புத் தகடுகளைத் தறைந்த மேற்கவசம் ஒன்றை அவர்கள் மிகவும் விரும்பிச் செய்துகொள்கின்றனர். அதன் பெயரே ‘விஸ்பிக் கவசம்’. அதன் அமைப்பு நமக்குத் தெரிந்தது எப்படி? அந்தக் குழிகளிலிருந்துதான். பெங்ட் தோர்டமான் அவற்றை ஆராய்ந்து 1939இல் வெளியிட்ட நூல்தான் இத்துறையினருக்கு இன்றும் அடிப்படை. ஆக, உலகின் எந்த மூலையில் ஒருவர் விஸ்பிக் கவசம் தரித்து வீரனாகப் படமெடுத்துக்கொண்டாலும், கைவிடப்பட்ட ஓர் உழவனின் உடுப்பைத்தான் கடன் வாங்கி அணிந்திருக்கிறார். ஆணியின் இடைவெளியைப் பிழையின்றி அளக்கிறோம். அதை அணிந்திருந்தவன் எந்தக் கதவின் முன்னால் செத்தான் என்பதை அளக்க மாட்டோம் என்றால், அது என்ன துல்லியம்?

விழா நடத்துவோர்க்கு இந்த வரலாறு தெரியாது என்று நான் சொல்லவில்லை. நன்றாகவே தெரியும்; அந்த ஊரில் அது மறைபொருள் அன்று. தெரிந்திருப்பது வேறு, வாழ்ந்து பார்ப்பது வேறு என்பதுதானே ‘வாழும் வரலாறு’ என்ற சொல்லின் உரிமைகோரலே? அந்த அளவுகோலை அவர்கள் மீதே வைக்கிறேன். மாணவி அனுப்பிய படங்களில் வீரர் உண்டு, வணிகர் உண்டு, சீமாட்டியர் உண்டு. மதிலுக்கு வெளியே கதவைத் தட்டி நிற்கிற ஒருவர்கூட இல்லை.

“இது குடும்பத்தோடு வரும் விழா, குழந்தைகளை அச்சுறுத்தலாமா?” என்று கேட்பார்கள். குழந்தையின் கையில் வாளைக் கொடுத்த பிறகு இந்தக் கேள்விக்கு இடமில்லை. வாள் விளையாட்டு என்றால் அது எதற்கென்று சொல்வதும் விளையாட்டின் பகுதிதான். இரத்தமும் அலறலும் வேண்டாம். குழந்தைகளில் பாதிப் பேரை ஒரு வாயிலின் உள்ளே நிறுத்துங்கள்; பாதிப் பேரை வெளியே நிறுத்துங்கள். கதவைச் சாத்துங்கள். ஒரு நிமிடம் போதும். வெளியே நின்ற குழந்தை “ஏன் திறக்கவில்லை?” என்று கேட்கும், உள்ளே நின்ற குழந்தை விடை தெரியாமல் விழிக்கும். அந்த ஒரு நிமிடம்தான் வரலாறு. மற்றதெல்லாம் உடையலங்காரம்.

மாணவிக்குப் பதில் எழுதிவிட்டேன். படம் அழகாக இருக்கிறது, பையனுக்கு என் வாழ்த்து. அடுத்த முறை போகும்போது அந்தக் கற்சிலுவைக்கும் அவனை அழைத்துச் செல்லுங்கள். மதிலிலிருந்து சிறிது தூரம்தான். அந்தக் குழியில் சிறுவர்களும் இருந்தார்கள் என்பதை அவனுக்குச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் அவன் டென்மார்க் மன்னனின் படைவீரனாக இருக்க விரும்பினால் இருக்கட்டும். ஆனால் அறிந்து தேர்ந்துகொள்ளட்டும்.